நீல மூடிக்குச் சாவி

அந்தக் கேனை மட்டும் காலுல தட்டிராதீங்க தம்பி. தண்ணிதான், ஆனா பவானிக் கூடுதுறைத் தண்ணிங்க. இன்னைக்குத் தை அமாவாசை இல்லீங்களா? காலையில வந்து ஆத்துல முங்கி எந்திரிச்சு மொண்டுட்டு வர்றேன். மூடி கொஞ்சம் கசியும். அப்பிடிச் சித்தத் தள்ளி உக்காந்துக்குங்க.

தம்பிக்கு எந்த ஊருங்க? கோபியா! சட்டையும் பையும் பாத்தா வாத்தியாராட்டம் இருக்கறீங்க. அட, வாத்தியாரேதானா? அப்ப லாரிக்காரங்க யாரையும் தெரியாது. நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்டப் பேச முடியாத பேச்சு ஒண்ணு எனக்கு நெஞ்சுல கெடக்குதுங்க. மூணு மாசமாச் சோறு எறங்க மாட்டேங்குது. கேக்கறீங்களா? பஸ்ஸு சங்ககிரி போறதுக்குள்ள சொல்லிருவேன். என் பேரா? பேரு எதுக்குங்க, பஸ்ல வர்ற ஆளுன்னு வெச்சுக்குங்க.

எனக்கு ஒரு லாரி இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு. முன்ன நானே ஓட்டுனேன், மூட்டு வலி வந்த பொறவு ஸ்டியரிங்கை விட்டுட்டேன். மாதையன்தான் ஓட்டுவான். பதினொரு வருசம். வண்டில ஒரு கீறல் விழுந்ததில்லை. ரோட்டுல ஆடு படுத்திருந்தா ஆரன் அடிக்க மாட்டானுங்க, எறங்கிப் போயி எழுப்பி விட்டுட்டு வருவான். எங்கூட்டுக்காரி பாவாயி கறி எடுத்தான்னா அவனுக்கு ஒரு தூக்குப்போசி தனியா வெச்சிருவா. அப்பிடிப் பழக்கம்.

மாதையனுங்க. ஆமா, மாதையன். தாரமங்கலத்துப் பக்கம். ஏன் கேக்கறீங்க? சரி, கேளுங்க.

நான் ஒண்ணு பண்ணுவேன். மொத லாரி வாங்குன நாள்ல இருந்து பண்றேன். அமாவாசைக்கு அமாவாசை கூடுதுறையில ஒரு கேன் மொண்டாந்து, ஊட்டுல மஞ்சப்பொடி கலக்கி, தொளசி கிள்ளிப் போட்டு, டயருக்கு நாலு கை தெளிப்பேன். மிச்சத்த ரேடியேட்டர்ல ஊத்திருவேன். வெளிய தெளிச்சது வெயிலுக்குக் காஞ்சு போயிரும், உள்ள ஊத்துனா சாமி வண்டிக்குள்ளயே இருக்கும்னு என் நெனப்பு. அந்த லாரி பதினெட்டு வருசம் ஓடுச்சுங்க. சிரிக்காதீங்க.

போன ஆனியில பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்தேன். புது வண்டில ரெண்டு டேங்க்கு. ஒண்ணு டீசலுக்கு. இன்னொண்ணு சின்னது, நீல மூடி போட்டிருக்கும். அதுல ஊத்தறதுக்குக் கம்பெனிக்காரன் ஏதோ பேரு சொல்லுவான், நாங்க யூரியாம்போம். வயலுக்கு வீசறோமே, அந்த யூரியா இல்லீங்க. தண்ணியாட்டம் தெளிவா இருக்கும், கேன்ல விக்கும். சைலன்சருக்குப் போற பொகையில இதப் பீச்சி அடிச்சு வெசத்த முறிக்குமாம். அது தீந்தாலும் சரி, கெட்டாலும் சரி, மொதல்ல லைட்டு எரியும். கண்டுக்காம ஓட்டுனா இழுவை கொறையும். அதுக்கும் மேல ஓட்டுனா வேகம் இருவதுக்கு மேல போவாது. எஞ்சினுக்கு ஒரு கேடும் இருக்காதுங்க. வண்டி தன் காலத் தானே கட்டிக்கும். மாடு படுத்துக்கிட்டாக்கூட வாலக் கடிச்சு எழுப்பிரலாம், இத ஒண்ணும் பண்ண முடியாது.

ரேடியேட்டரை இனித் தொறக்கவே கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அப்ப அமாவாசைத் தண்ணிய எங்க ஊத்தறது? அது கெடக்கட்டும், வரிசையாச் சொல்றேன்.

மகாளய அமாவாசையன்னைக்குப் புனாவுக்கு ஜவ்வரிசி லோடு. அந்த ஊருல நவராத்திரிக்கு வெரதம் இருப்பாங்களாம், வெரதத்துக்கு ஜவ்வரிசிதான் திம்பாங்களாம். ரெண்டாம் நாளு போய்ச் சேந்தே ஆவோணும்னு யாவாரி சொல்லியிருந்தான். வண்டிக்குப் பூசை போட்டு அனுப்பி வெச்சேன். மத்தியானம் போன் வருது.

"அங்கமுத்தண்ணா, தொப்பூர் ஏத்தத்துல நிக்கறேனுங்க. லைட்டு எரியுதுங்க. ஆளு நடந்து என்னையத் தாண்டிப் போறானுங்க."

ஜலீல் பாய்ன்னு சேலத்துல ஒரு மெக்கானிக்கு. புது வண்டி சங்கதியெல்லாம் படிச்சவரு. அவரக் கூட்டிக்கிட்டுப் போனேன். யூரியா பீச்சற மூக்க அவரு கழட்டிக் காட்டுனாரு. ஜவ்வரிசி மாவக் கொழைச்சு அப்புன மாதிரி வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்குது. பேனாவாட்டம் ஒரு குழாய் வெச்சிருந்தாரு. டேங்க்குல ஒரு சொட்டு எடுத்து அதும் மேல விட்டு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. "முப்பத்திரெண்டரை காட்டோணும் அண்ணே, இருவத்திரெண்டுதான் காட்டுது. தண்ணி கலந்திருக்கு"ன்னாரு.

மாதையன் பக்கத்துலதான் நின்னான். என் மொகத்தவே பாத்துக்கிட்டு நின்னான்.

டேங்க்கக் காலி பண்ணிக் கழுவி, புதுசு ஊத்தி, மூக்க மாத்தி வண்டியக் கெளப்பி விட்டாரு பாய். "பில்டரை என் பட்டறைச் செட்டுல கழட்டிப் பாத்துரலாம், என்ன தண்ணின்னே தெரிஞ்சு போயிரும்"னாரு. "தண்ணியில என்ன பாய், எல்லாம் தண்ணிதானே"ன்னுட்டேன். பாத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். லோடு அஞ்சாம் நாளு போய்ச் சேந்துச்சு. யாவாரி வேற எடத்துல வாங்கிட்டான், எறக்க மாட்டேன்னுட்டான்.

எனக்குத் தலைக்கேறிப் போச்சுங்க. ஏன்னா டிரைவருங்கள்ல சில பேரு யூரியாவப் பாதி வித்துட்டுப் பைப்புத் தண்ணியப் புடிச்சு ஊத்தறது உண்டு. நடக்காததில்லை. வண்டில கை வெக்கறது ரெண்டு பேருதான், நானும் அவனும். நான் எதுக்குத் தண்ணி ஊத்தறேன்? அப்ப அவன்தானே? இப்பிடித்தானுங்க நெனச்சேன். கேக்கறீங்களா? இப்பிடியேதான் நெனச்சேன்.

சங்ககிரி லாரிப் பேட்டையில ஒரு முனியப்பன் கோயிலு இருக்குது. அதுக்கு நான்தான் தலைவரு. பேட்டையில யாருக்கு யாரோட தகராறுன்னாலும் என்னையத்தான் கூப்புடுவாங்க. தட்டுல சூடத்தப் பத்த வெச்சு, "நீ பண்ணலைன்னா அணைச்சுச் சத்தியம் பண்ணு"ம்பேன். பொய்ச் சத்தியம் பண்றவன் குடும்பம் வெளங்காது. சத்தியவானக் கட்டாயப்படுத்திச் சத்தியம் வாங்குனா, வாங்குனவன் வெளங்க மாட்டான். அதுதான் அங்க சட்டம். எத்தனை பேருக்கு நான் தட்டு நீட்டியிருக்கேன்!

மாதையன் புனாவுல இருந்து வந்து எறங்குனான். எறங்குன காலோட கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்க, புக்கிங் ஆபீஸ்காரங்க, டயர்க் கடைக்காரன், முப்பது நாப்பது பேரு கூடிட்டாங்க. தட்ட நீட்டி, "யூரியாவ விக்கலைன்னு அணைடா"ன்னேன்.

அவன் சூடத்தப் பாத்தான். என்னையப் பாத்தான். கைய மடக்கி வெச்சுக்கிட்டான்.

"இது வேண்டாமுங்ணா. நான் அணைச்சா உங்களுக்கு ஆவாதுங்க."

அம்புட்டுத்தான் சொன்னான். வண்டிச் சாவியத் தட்டுல வெச்சுட்டு நடந்து போயிட்டான். சூடம் தானா எரிஞ்சு அணைஞ்சுச்சு. கூட்டத்துல ஒருத்தன், "களவாணி, சாமிக்குப் பயந்துட்டான்"னான். நான், "பாத்துக்கங்கப்பா"ன்னேன். நாக்கு அழுகோணும் எனக்கு.

அதுக்கப்பறம் பேட்டையில அவனுக்கு ஒருத்தரும் வண்டி குடுக்கலை. பேட்டையில குடுக்கலைன்னா வேற எங்கயும் குடுக்க மாட்டாங்க, போன் போட்டு இங்கதான் கேப்பாங்க.

நான் என்ன பண்ணுனேன்னா, நீல மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். நல்ல பூட்டு. சாவி இந்தா, பாருங்க, அரைஞாண் கயித்துலதான் கெடக்குது. குளிச்சாலும் கழட்ட மாட்டேன். போவ வர ஒரு டேங்க்கு போதும், நடுவுல தொறக்க வேண்டியதில்லை. கூலி டிரைவர் ஒருத்தனப் போட்டேன். இனி எவன் தண்ணி கலக்கறான் பாக்கலாம்னு பேட்டையில எல்லாருக்கும் சாவியத் தூக்கித் தூக்கிக் காட்டுனேன்.

ஐப்பசியில மறுபடியும் ஜவ்வரிசி லோடு. மில்லுக்கு நானும் போயிருந்தேன். மூட்டை ஏத்தறவங்க வரிசையா வர்றாங்க. நாலாவது ஆளு தலையில துண்டக் கட்டிக்கிட்டு மூட்டையோட வர்றான், யாருன்னு பாத்தா மாதையனுங்க. பதினொரு வருசம் ஸ்டியரிங் புடிச்ச கை. எந்த வண்டிய ஓட்டுனானோ அந்த வண்டிக்கே மூட்டை தூக்கறான். நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். மூட்டைய எறக்கி வெச்சுட்டு எங்கிட்ட வந்தான்.

"அண்ணா, நாளைக்கு அமாவாசைங்க."

"எனக்குத் தெரியாதா? நீ வந்து நாள் சொல்லோணுமா?"ன்னேன்.

"இல்லீங்ணா, சொல்லோணும்னு தோணுச்சு"ன்னான். அடுத்த மூட்டைக்குப் போயிட்டான்.

மக்யா நாளு அமாவாசை. கூடுதுறைக்குப் போனேன், தண்ணி மொண்டேன், மஞ்சக் கலக்கினேன், தொளசி கிள்ளிப் போட்டேன். டயருக்குத் தெளிச்சேன். பொறவு இந்தச் சாவிய எடுத்தேன், பூட்டத் தொறந்தேன்.

ஆமாங்க தம்பி. அப்பிடிப் பாக்காதீங்க. ரேடியேட்டரைத் தொறக்கக் கூடாதுன்னாங்க, இதுவும் தண்ணி மாதிரிதானே இருக்குதுன்னு ஆடி அமாவாசையில இருந்து நீல மூடியிலதான் ஊத்திக்கிட்டு இருந்தேன். மொதல்ல ஒரு சொம்பு. மகாளயத்துக்கு லோடு தூரமாப் போவுதேன்னு கேன் முழுக்க. ஆடியிலயே அவன் சொன்னான், "அதுல யூரியாவத் தவர எதும் ஊத்தக் கூடாதாமுங்ணா"ன்னு. "சாமி தண்ணிக்குக் கொறை சொல்றயாடா"ன்னு கத்துனேன். கத்துனது நெனப்பு இருக்குது. சொன்னது எனக்கு ஏறவே இல்லை. ஊத்தறது தண்ணின்னே எனக்குத் தோணலீங்க. ஜலீல் பாய் "தண்ணி கலந்திருக்கு"ன்னப்போ, என் மனசுல வந்தது பைப்புத் தண்ணி. தீர்த்தம் தண்ணியில எப்பிடிங்க சேரும்?

மறுபடியும் நின்னு போச்சு, கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கமே. இந்தத் தடவை நான் வண்டியிலயே இருந்தேன். பாய் வந்து, "இனிச் செட்டுக்குத்தான் இழுத்துக்கிட்டுப் போவோணும்"னாரு. செட்டுல வெச்சு, "பூட்டத் தொறங்க அண்ணே"ன்னாரு. நான்தான் தொறந்து விட்டேன். வாயில இருந்த சல்லடைய எடுத்தாரு. அதுல ஒரு தொளசி எலை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பில்டரைக் கழட்டுனாரு. வெள்ளையா இருக்க வேண்டியது, குங்குமத்துக்குப் பக்கத்துல வெக்கற மஞ்சக் கெழங்காட்டம் இருந்துச்சு.

பாய் நல்ல மனுசன். சத்தம் போடலை. "அங்கமுத்தண்ணே, இந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி யாருகிட்ட இருக்குது?"ன்னு மட்டும் கேட்டாரு.

எங்கிட்ட மட்டும்தானுங்க.

எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கறீங்களே, கேக்கறீங்களா? சரி. கார்த்திகையில மாதையன் ஊட்டுக்குப் போனேன். ஆப்பிளு, வேட்டி சட்டை எல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். சும்மா போவலை. அவன் கட்டல எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னான். "ஏண்டா, உனக்குத் தெரியுமில்ல, கோயில்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"ன்னு கேட்டேன். அப்பவும் அவனத்தான் கொறை சொல்றேன் பாருங்க. "கோயில் தலைவர அத்தனை பேரு முன்னால எப்பிடிங்ணா சொல்றது? நான் அணைச்சிருந்தா அது உங்க தலையில விடியும். பாவாயி அக்கா கையில எத்தனை தடவ சோறு தின்னிருக்கேன்"னான்.

அவன் பொண்டாட்டி உள்ள இருந்து வெளிய வந்தா. அவ அவனாட்டம் இல்லை. "பழம் யாருக்குங்க? எம்பொண்ணு தாரணியப் பாக்க வந்தவங்க, பேட்டையில போயி எங்களப் பத்தி விசாரிச்சுட்டு, அப்பிடியே பஸ் ஏறிப் போயிட்டாங்க. யூரியாக் களவாணி மகளாம். தை மாசம் இன்னொரு எடம் வருது. அவங்களும் அங்கதான் விசாரிப்பாங்க"ன்னா. நான் பழத்தக் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னேன்.

"எனக்கு உங்க வண்டி வேண்டாமுங்ணா. பேட்டையில ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்"னான் மாதையன்.

சொல்லிர்றேன்னு வந்தேனுங்க. மறுநாளே போனேன். டீக்கடையில எல்லாரும் இருக்கறாங்க. வாயத் தொறக்கறேன், அதுக்குள்ள டயர்க் கடைக்காரன், "அங்கமுத்தண்ணா, அந்தக் களவாணியத் தொரத்துன பொறவு வண்டி சொகமா ஓடுதா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேனுங்க.

அதுதான் தம்பி. அதுதான் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. ஊத்துனது தெரியாம ஊத்துனேன். சிரிச்சது தெரிஞ்சேதான் சிரிச்சேன். டீக் கிளாஸக் கீழ வெச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். பாவாயிகிட்டக்கூட இன்னும் சொல்லலை. தூக்குப்போசியக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கறா, அதப் பாக்க முடியாம நான் அந்தப் பக்கமே போறதில்லை. அதுக்கப்பறம் இப்பிடித்தான், பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டச் சொல்றது. நீங்க அஞ்சாவது ஆளு. சொன்னா ரெண்டு நாளைக்குத் தூக்கம் வருது.

கேனா? இல்லீங்க, இப்பெல்லாம் டயருக்கு மட்டுந்தான்.

என்ன சொல்றீங்க? எங்க அவமானப்படுத்துனேனோ அங்கயே போயிச் சொல்லோணுமா? தம்பி, நீங்க வாத்தியாரு, உங்களுக்குத் தெரியாது. முப்பது வருசமா அந்தத் தட்டப் புடிச்சவன் நான். நாளைக்கு எவன் எங்கிட்டப் பஞ்சாயத்துக்கு வருவான்? என் மரியாதை என்ன ஆவறது? அவன் மரியாதையா? ஆமா, அதுவும்தான். அதுவும்தான், இல்லைங்கலை.

அட, சங்ககிரி கிட்ட வந்துருச்சு. நீங்க சேலம் வரைக்குமுங்களா? சங்ககிரிதானா? அங்க யாரு ஊட்டுக்கு?

பேட்டைக்கா!

பேட்டையில உங்களுக்கு என்ன சோலி? விசாரிக்கவா? யாரப் பத்தி விசாரிக்க?

தாரணியா.

மாப்பிள்ளை உங்க தம்பிங்களா? அதுதான் மாதையன் பேர ரெண்டு தடவ கேட்டீங்க. அப்ப ஏன் நடுவுல ஒரு வார்த்தை சொல்லலை? நான் பாட்டுக்கு... சரி. சரிங்க. நல்லதாப் போச்சுங்க தம்பி! நீங்க விசாரிக்க வந்தது விசாரிச்சாச்சு. என்னைய விட வேற யாரு சரியாச் சொல்லிருவாங்க? அவன் ஊட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வெச்சிருக்கோணும். இனிப் பேட்டைக்கு எதுக்குங்க வெயில்ல? அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிப் போங்க. என் பேரக்கூடச் சொல்ல வேண்டாம், நான்தான் பேரே சொல்லலையே.

அங்கமுத்துன்னு எப்பிடி? ஓ. நானே சொல்லிட்டனா.

என்னங்க? உங்கப்பா முன்னாடி பஸ்லயே வந்துட்டாருங்களா? மாமனும்? இப்பப் பேட்டையில டீக்கடையிலதான் நிக்கறாங்களா?

அப்ப அவன் சொல்லிக்கிட்டு இருப்பான். டயர்க் கடைக்காரன். இந்நேரம் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக்கிட்டு இருப்பான்.

நீங்க போயிச் சொன்னா நம்ப மாட்டாங்களா, தம்பி? இல்லீங்க, தெரியுது. தன் தம்பிக்குப் பொண்ணு புடிச்சுப் போனதால சொல்றான்னுதான் நெனப்பாங்க. நான் வந்துதான் ஆவோணும். தெரியுதுங்க.

கண்டக்டர் விசிலடிக்கறாரு. கேனு கெடக்கட்டும் தம்பி, விடுங்க. எம்பட கையப் புடிங்க. மூட்டு வலி மட்டும் இல்லீங்க. கையக் கெட்டியாப் புடிச்சுக்கங்க, டீக்கடை வரைக்கும் விட்டுராதீங்க. விட்டீங்கன்னா நான் இந்த பஸ்லயே சேலம் போயிருவேன்.